ராஜாவுக்குச் சோறு

வேலூரிலிருந்து மச்சான் அனுப்பிய வாட்ஸப் படத்தில் வண்டி ஒரு வேப்பமரத்தடியில் நின்றிருந்தது. வெள்ளி நிற மிட்சுபிஷி பஜேரோ. 2011 மாடல், ஒரே ஓனர், 1,10,000 கிலோமீட்டர் ஓடியது. விலை ஐந்தரை லட்சம்.

"மாமா, புதுசுல இருபது லட்சத்துக்கு மேல போன வண்டி. இப்ப ஒரு ஆல்டோ விலைக்கு வருது. யோசிக்காதீங்க" என்றான் போனில்.

யோசிக்காமல் இருக்க முடியவில்லை. நான் ஜவ்வாது மலையில் வரலாறு சொல்லித்தரும் பள்ளி ஆசிரியர். ஜமுனாமரத்தூரில் வாடகை வீடு. மனைவி, நாலு வயது மகள். மகளுக்கு வீசிங் உண்டு. போன ஐப்பசியில் ஒரு ராத்திரி, மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்தபோது, அவளுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. முதலுதவி இங்கேயே கிடைத்தது. ஆனால் விடிவதற்குள் கீழே கொண்டுபோய்விடுவது நல்லது என்றார்கள். என்னிடம் இருந்தது ஒரு ஸ்ப்ளெண்டர். பக்கத்துத் தெருவில் சவாரி ஜீப் ஓட்டும் அண்ணனை எழுப்பினேன். லுங்கியோடு வந்து வண்டியை எடுத்தார். போளூர் வரும் வரைக்கும் அவரும் பேசவில்லை, நாங்களும் பேசவில்லை. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் மகளின் மூச்சுச் சத்தத்தை மட்டும் எண்ணிக்கொண்டு வந்தேன்.

அவள் தேறிவிட்டாள். எனக்குள் மட்டும் ஒன்று உட்கார்ந்துவிட்டது. நமக்கென்று ஒரு வண்டி வேண்டும். சேறு, கல், மேடு எதற்கும் நிற்காத வண்டி. அப்போதுதான் மச்சானின் பஜேரோ வந்தது.

வாங்குவதற்கு முன்னால் கொஞ்சம் படித்துப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். வரலாற்று வாத்தியாருக்கு வேறு என்ன தெரியும்?

*

சுதந்திர இந்தியாவின் முதல் பெரிய ஊழல் புகார் எதைப் பற்றியது தெரியுமா? செகண்ட் ஹேண்ட் ஜீப்.

இரண்டாம் உலகப்போரில் அமெரிக்காவில் வில்லிஸ், ஃபோர்டு என்ற இரண்டு கம்பெனிகளும் சேர்ந்து 6 லட்சத்துக்கும் மேல் ஜீப்புகளைச் செய்து தள்ளின. போர் முடிந்ததும் உலகம் முழுக்க ராணுவ மைதானங்களில் அவை மிஞ்சி நின்றன. பெயிண்ட் அடித்து, எஞ்சினைப் பிரித்துப் பூட்டி விற்பது ஒரு தொழிலாகவே ஆனது.

1948இல் காஷ்மீரில் சண்டை நடக்கிறது. ராணுவத்துக்கு அவசரமாக ஜீப் வேண்டும். லண்டனில் இந்தியத் தூதராக (ஹை கமிஷனர்) இருந்த வி.கே. கிருஷ்ண மேனன், 2,000 பழைய ஜீப்புகளைச் சீர்செய்து தரச் சொல்லி ஒரு கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டார். அந்தக் கம்பெனியின் மூலதனம் வெறும் 605 பவுண்டு. வழக்கமான நடைமுறைகள் தாண்டப்பட்டன. பணத்தில் பெரும்பகுதி முன்கூட்டியே போனது. வந்து இறங்கியவை 155 ஜீப்புகள்தான். அவையும் ஓடும் நிலையில் இல்லை. கிட்டத்தட்ட அதே காசுக்குப் புதிய ஜீப்பே வாங்கியிருக்கலாமே என்ற கேள்வி நாடாளுமன்றம் வரை போனது. 1955இல் அரசு விவகாரத்தை முடித்துவைத்தது. 1956 பிப்ரவரியில் மேனன் மத்திய அமைச்சரானார்.

இந்தக் கதையை வகுப்பில் அரசியல் பாடமாகத்தான் இதுவரை சொல்லியிருக்கிறேன். பஜேரோ படம் போனில் இருந்தபோது படித்தால் வேறு மாதிரித் தெரிந்தது. அவசரம் இருக்கிறது. கையில் காசு குறைவு. ஒருத்தன் பாதி விலைக்குத் தருகிறேன் என்கிறான். இறங்கிப் பார்க்க நேரமில்லை. ஒரு தேசம் மாட்டிய இடத்தில் ஒரு வாத்தியார் மாட்டமாட்டானா?

அதே காலத்தில் பம்பாயில் இன்னொரு ஜீப் கதை ஓடிக்கொண்டிருந்தது. 1945இல் மஹிந்திரா & முகமது என்று ஒரு கம்பெனி தொடங்கியது. கூட்டாளி குலாம் முகமது பிரிவினையில் பாகிஸ்தான் போய், அந்த நாட்டின் முதல் நிதியமைச்சர் ஆனார். 1948இல் கம்பெனியின் பெயர் மஹிந்திரா & மஹிந்திரா ஆனது. முதலெழுத்துகள் மட்டும் மாறவில்லை. அந்தக் கம்பெனி வில்லிஸ் ஜீப்பைப் பாகங்களாக வரவழைத்துப் பூட்ட ஆரம்பித்து, பிறகு படிப்படியாகப் பாகங்களையும் இங்கேயே செய்ய ஆரம்பித்தது. லண்டனில் வாங்கிய ஜீப்புகள் காணாமல் போயின. இங்கே பூட்டிய ஜீப்பின் வாரிசுகள் இன்னும் எங்கள் மலையில் புளி மூட்டை ஏற்றிக்கொண்டிருக்கின்றன. உதிரிபாகம் எங்கே கிடைக்கிறது என்பதுதான் இரண்டுக்கும் நடுவில் எனக்குத் தெரிந்த வித்தியாசம்.

*

நம் மலைகளுக்கு ஜீப் முதலில் அரசாங்க வண்டியாகத்தான் வந்தது. யூனியன் ஆபீஸ் ஜீப், வனத்துறை ஜீப், சுகாதாரத்துறை ஜீப். அன்றைய ஜீப்பில் இருந்தது 2.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின். மேட்டில் அது பெட்ரோலைக் குடிக்கும் வேகத்துக்கு அரசாங்கத்தால்தான் ஊற்ற முடியும். ஓடித் தேய்ந்த ஜீப்பைக் கழித்து ஏலம் விடுவார்கள். ஏலத்தில் எடுத்தவர் அதில் டீசல் எஞ்சினைத் தூக்கி வைப்பார். பிறகு 1980களில் பிரான்ஸின் பியூஜோ உரிமத்தில் செய்த டீசல் எஞ்சின் மஹிந்திரா ஜீப்புகளுக்கே வந்தது. கிலோமீட்டருக்கான செலவு இறங்கியதும் ஜீப் சவாரி வண்டியானது. பத்துப் பேர் உட்கார வேண்டிய இடத்தில் இருபது பேர். பின்னால் தொங்குபவர்கள் தனி. ஆளுக்கு ஆள் காசு பிரிந்ததால்தான் அந்த வண்டி மலையில் கட்டுப்படியானது.

எங்கள் ஜீப் அண்ணனின் கமாண்டர் அப்படிப்பட்டதுதான். அதில் கம்பெனியிலிருந்து வந்தபடியே இருப்பது எது என்று கேட்டால், "ஆர்.சி. புக் மட்டும்தான் சார்" என்பார்.

சொகுசு ஜீப் நமக்கு மிகவும் பிந்தித்தான் வந்தது. 1994இல் டாடா சுமோ, 1998இல் சஃபாரி, 2002இல் ஸ்கார்பியோ. மிட்சுபிஷி பஜேரோ 1982இலேயே ஜப்பானில் பிறந்துவிட்டது. தென்னமெரிக்கக் காட்டுப்பூனை ஒன்றின் விலங்கியல் பெயரிலிருந்து எடுத்த பேர் அது. ஸ்பானிஷ் வழக்கில் அந்தச் சொல்லுக்கு வேறொரு அசிங்கமான அர்த்தம் இருப்பதால், அந்த நாடுகளில் மொன்டெரோ என்று விற்றார்கள். பாலைவனத்தில் ஓடும் டக்கார் ராலியை 12 தடவை ஜெயித்த வண்டி. இந்தியாவில் அதைப் பூட்டியது எங்கே? நம்ம திருவள்ளூரில், இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில். அம்பாசடர் செய்த அதே கம்பெனி.

இன்று அந்த ஆலை கைமாறி சிட்ரோன் கார் செய்கிறது. பஜேரோவின் போட்டியாளரான ஃபோர்டு எண்டெவரை மறைமலைநகரில் செய்தார்கள். இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக 2021 செப்டம்பரில் ஃபோர்டு அறிவித்தது. 2022இல் அந்த ஆலையிலும் வேலை நின்றது. தமிழ்நாட்டு மண்ணில் பூட்டிய இரண்டு ராஜாக்களுக்கும் இன்று அரண்மனை இல்லை. இருபது லட்சத்து வண்டி ஐந்தரை லட்சத்துக்கு வருவதன் ஒரு காரணம் இது. முதல் ஓனர் சுகத்தை அனுபவித்துவிட்டார். பழுதுபார்க்கும் காலம் அடுத்தவருக்கு வருகிறது. விலையில் குறைந்த பதினஞ்சு லட்சம், வண்டியின் பராமரிப்புச் செலவில் குறையவே இல்லை. டயர் இருபது லட்சத்து வண்டியின் டயர்தான்.

*

போளூரில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் பாய் இருக்கிறார். அவரையும் கூட்டிக்கொண்டு வேலூர் போனேன். வண்டிக்குக் கீழே படுத்தார். எஞ்சினை ஓடவிட்டு ஆயில் மூடியைத் திறந்து புகை பார்த்தார். பிரேக் பெடலின் ரப்பர் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று விரலால் தடவினார். "மீட்டரை நம்பாதீங்க சார், இதை நம்புங்க" என்றார். பிறகு என்னை ஓட்டச் சொன்னார்.

ஓட்டினேன். பொய் சொல்லக்கூடாது, ஆசையாகத்தான் இருந்தது. உயரமான சீட். குழி தெரியவே இல்லை. மகள் பின்சீட்டில் தூங்கிக்கொண்டு வருவது மாதிரி ஒரு நிமிஷம் நினைத்துப் பார்த்தேன்.

திரும்பி வந்து டீ குடிக்கும்போது பாய் சொன்னார்: "வண்டி ராஜா சார். குறை சொல்ல மாட்டேன். ஆனா ராஜாவுக்குச் சோறு போடணும்ல?"

அன்று ராத்திரி கணக்கு நோட்டை எடுத்தேன். எனக்கு மாதம் 700 கிலோமீட்டர் ஓட்டம் வரும். மலையில் லிட்டருக்கு 8 கிலோமீட்டர் என்று வைத்தால், டீசல் 93 ரூபாய்க்கு மாதம் 8,100 ரூபாய். இன்சூரன்ஸ் வருஷத்துக்கு 15,000, மாதத்துக்கு 1,250. நாலு டயர் 48,000, நாலு வருஷம் வரும் என்றால் மாதம் 1,000. ஆயில், ஃபில்டர், சில்லறை வேலைக்கு 2,000. கிளட்ச், சஸ்பென்ஷன், டர்போ என்று ஒருநாள் வரப்போகும் பெரிய வேலைக்காக மாதம் 3,000 எடுத்துவைக்கச் சொன்னார் பாய். மொத்தம் 15,350. மூன்று வருஷத்துக்குப் பெருக்கினால் 5,52,600.

அதாவது மூன்று வருஷத்தில் இன்னொரு பஜேரோவை வாங்கி டீசலாகவும் ரப்பராகவும் எரித்திருப்பேன். இதற்கு நடுவில் வண்டிக்குப் பதினஞ்சு வருஷம் முடியும். பதிவைப் புதுப்பிக்கக் கட்டணம் 2022 ஏப்ரலிலிருந்து 600 ரூபாய்க்குப் பதில் 5,000. பசுமை வரியும் எஃப்.சி.க்கான வேலையும் தனி.

நோட்டை மனைவியிடம் காட்டினேன். இந்த மலைக்கு வந்த மூன்று வருஷத்தில் ராத்திரியில் நமக்கு வண்டி தேவைப்பட்டது நாலே தடவைதான் என்றும் சொன்னேன். ஒரு தடவைக்கு ஒன்னே கால் லட்சத்துக்கு மேல ஆகுது என்று வகுத்துக் காட்டினேன்.

அவள் நோட்டைப் பார்க்கவில்லை. "அந்த நாலு ராத்திரிக்கு நீங்க என்ன விலை போடுவீங்க?" என்றாள்.

என்னிடம் பதில் இல்லை.

*

2023 மே மாதம் எங்கள் மலைத்தொடரின் வேலூர்ப் பக்கம், அல்லேரியில், பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தை ஆஸ்பத்திரிக்குப் போய்ச்சேரும் முன்பே இறந்தது. பிரேதப் பரிசோதனை முடிந்து திரும்பும்போது சாலை இல்லாததால் ஆம்புலன்ஸ் பாதியில் நின்றது. தாய், குழந்தையின் உடலைக் கையில் ஏந்தி மலைக்கு நடந்தார். செய்தி தமிழ்நாடு முழுக்கப் போனது. அங்கே பஜேரோ இருந்திருந்தால் போயிருக்குமா? இன்னும் கொஞ்ச தூரம் போயிருக்கலாம். அவ்வளவுதான்.

இதே மலையில் காவலூரில் 1960களின் கடைசியில் வானாய்வுக்கூடம் அமைந்தது. வெளிச்சம் அண்டாத இருட்டான வானம் வேண்டும் என்று வைணு பாப்பு தேடிப்பிடித்த இடம். 1986இல் அங்கே 2.34 மீட்டர் தொலைநோக்கி திறக்கப்பட்டது. அதைக் கொண்டுபோக வழி வேண்டும் என்று முடிவெடுத்தபோது வழி இருந்தது. அல்லேரி மாதிரி ஊர்களுக்கு அந்த முடிவு இவ்வளவு காலம் தள்ளிப்போனது.

நோட்டில் போட்ட கணக்கைத் திரும்பிப் பார்த்தேன். உயரமான அடிப்பாகம், நாலு சக்கர இழுவை, தடித்த டயர் எல்லாமே நகரத்தில் அந்தஸ்து. இங்கே அவை போடப்படாத சாலைக்கு நாம் தனியாகக் கட்டும் வரி. அந்த வரியை மாதம் 15,350 கட்ட முடிந்தவன் கட்டுவான். முடியாதவன் டோலி கட்டுவான். நான் இத்தனை நாளாக வாங்கப் பார்த்தது அந்த முதல் வரிசையில் ஒரு இடம்.

பஜேரோவை விட்டுவிட்டேன். மச்சானுக்கு வருத்தம்தான். "ராசியில்லாத ஆளு மாமா நீங்க" என்றான். இரண்டு மாதம் கழித்துப் பாய் ஒரு 2014 பொலேரோ காட்டினார். லிட்டருக்கு 13 கொடுக்கிறது, டீசலுக்கு மாதம் 5,000. சீட் கட்டை மாதிரி இருக்கிறது, கண்ணாடி அதிர்கிறது. ஆனால் பட்டை முறிந்தால் ஜமுனாமரத்தூரிலேயே மாற்றித்தர ஆள் உண்டு. வாங்கிய மறுநாளே ஜீப் அண்ணன் வந்து ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிட்டு, "ஸ்பேர் சாவி ஒண்ணு என்கிட்ட இருக்கட்டும் சார், ஆத்திர அவசரத்துக்கு" என்றார். கொடுத்தேன்.

போன மாசி மாதம் ராத்திரி பதினோரு மணிக்கு அவர் கதவைத் தட்டினார். அவருடைய கமாண்டர் ஒர்க்ஷாப்பில் இருந்தது. உள்ளே ஒரு ஊரில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி. இரண்டு பேரும் பொலேரோவில் போனோம். கொஞ்ச தூரத்தில் தார் முடிந்தது, பிறகு கப்பி முடிந்தது. ஓர் ஓடைக்கு முன்னால் வண்டியை நிறுத்தினார் அண்ணன். அதற்கு மேல் எந்த வண்டியும் போகாது.

"லைட்டை மட்டும் அணைக்காதீங்க சார். அவங்களுக்கு வழி தெரியணும்" என்றார்.

எஞ்சினை ஓடவிட்டு உட்கார்ந்திருந்தோம். டீசல் முள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டிருந்தது. முக்கால் மணி நேரம் கழித்து எதிர்மேட்டில் இரண்டு டார்ச் வெளிச்சங்கள் தெரிந்தன. நடுவில் டோலி.