கதவு திறந்த நேரம்

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஒரு நாள், காலை 5.30 மணித் திருப்பலியை முடித்துவிட்டுப் பங்கு இல்லத்திற்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். கைப்பேசி ஒலித்தது. மஸ்கட்டில் பணிபுரியும் நம் பங்கு இளைஞர் ஒருவர். குரலில் நடுக்கம். "சாமி, அம்மா நேத்து ராத்திரி 11.40-க்குக் கதவைத் திறந்து வெளியே போயிருக்காங்க. அப்புறம் வீட்டுக்குள்ளே நடமாட்டமே இல்லை. போனையும் எடுக்கல."

அவருடைய தாயார் அப்பொழுது கோயில் முற்றத்தில் மற்றப் பெண்களோடு பேசிக்கொண்டு நின்றார். 5.10-க்கு வீட்டைப் பூட்டிக்கொண்டு வழக்கம்போல் திருப்பலிக்கு வந்தவர்தாம்.

தனியாக வாழும் தாய்க்காக மகன் வீட்டில் சில உணரிகளைப் பொருத்தியிருந்தார். கதவு திறந்தால் ஒன்று சொல்லும். அறையில் ஆள் நடந்தால் மற்றொன்று சொல்லும். ஆனால் 5.10 எவ்வாறு முந்தைய இரவின் 11.40 ஆயிற்று? கழித்துப் பார்த்தால் ஐந்தரை மணி நேரம். நம் நாட்டு நேரத்திற்கும் கிரீன்விச்சை அடியாகக் கொண்ட உலகப் பொது நேரத்திற்கும் உள்ள இடைவெளி அதுவே. கருவி பொது நேரத்தில் சரியாகவே குறித்திருந்தது. திரை அதனை நம் நேரத்திற்கு மாற்றாமல் காட்டிவிட்டது. நேரத்தைக் குறிப்பது வேறு, அதை மனிதனுக்குக் காட்டுவது வேறு என்பதை அன்றுதான் நான் உணர்ந்தேன்.

அதே வீட்டின் சமையலறை உணரி, மின்கலம் தீர்ந்திருந்தபோது, "கடைசி அசைவு: 1970 சனவரி 1, காலை 5.30" என்று காட்டியதாம். மகன் அதைக் கண்டு சிரித்திருக்கிறார். அந்த வீடு கட்டப்பட்டதே அதற்குப் பல ஆண்டுகள் கழித்துத்தான்! செய்தி ஏதும் வராதபோது திரைக்குக் கிடைத்தது வெறும் பூச்சியம். பூச்சியம் என்றால் 1970 சனவரி 1, பொது நேரப்படி நள்ளிரவு. அதனோடு ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டிக் காட்டியது. ஓரிடத்தில் கூட்ட மறந்தது. மற்றோரிடத்தில் இல்லாததோடு கூட்டியது.

ஏன் 1970? அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிச்சி முதலியோர் யூனிக்ஸ் என்னும் இயக்க முறையை உருவாக்கினர். 1971 நவம்பரில் வந்த அதன் முதல் கையேட்டில், நொடியின் 60-ல் ஒரு பங்கை அலகாக வைத்து, 1971 சனவரி முதல் நாளிலிருந்து எண்ணினார்கள். அந்த வேகத்தில் 32 இரும இலக்கங்களாலான எண் இரண்டேகால் ஆண்டில் நிரம்பிவிடும். ஆகவே பின்னர் முழு நொடியை அலகாக்கி, தொடக்கத்தை 1970-க்கு மாற்றினார்கள். வசதிக்காக எடுத்த முடிவே தவிர, அந்த நாளில் வேறு சிறப்பு எதுவும் இல்லை.

திருச்சபை வரலாறு படித்தவர்களுக்கு இது புதிதன்று. 525-ஆம் ஆண்டில் உரோமையில் உயிர்ப்புப் பெருவிழா அட்டவணை வகுத்த தியோனிசியுஸ் என்னும் துறவி, கிறிஸ்தவர்களைத் துன்புறுத்திய பேரரசன் தியோக்கிளேசியன் பெயரால் ஆண்டுகளை எண்ண மனமில்லாமல், ஆண்டவரின் மனுவுருவேற்பிலிருந்து எண்ணத் தொடங்கினார். ஏரோது கி.மு. 4-ல் இறந்தான் என்பது அறிஞர் பலரின் கருத்து. அவ்வாறாயின் துறவியின் கணக்கு சில ஆண்டுகள் பிசகியது. ஆயினும் எல்லாரும் ஒரே புள்ளியிலிருந்து எண்ணியதால் உலகம் அதைக் கைவிடவில்லை.

நேரத்தைக் காட்டுவதிலும் நமக்குப் பழைய அனுபவம் உண்டு. நுங்கம்பாக்கம் வானாய்வுக்கூடத்தின் கணக்கைக் கொண்ட 'மதராஸ் நேரம்' கிரீன்விச்சைவிட 5 மணி 21 நிமிடம் முந்தியது. பல ஆண்டுகள் இந்திய இரயில்கள் அதன்படியே ஓடின. ஆனால் பம்பாயிலும் கல்கத்தாவிலும் ஊர்க் கடிகாரம் வேறு மணி காட்டியது. 1906-ல் ஐந்தரை மணி நேரக் கணக்கு வந்தபின்னும், கல்கத்தா 1948 வரையிலும் பம்பாய் 1955 வரையிலும் தம் நேரத்தை விடவில்லை. எந்த நேரம் என்று கேட்டறியாமல் நிலையத்துக்குச் சென்றவர் வண்டியைத் தவறவிட்டிருப்பார்.

இந்தக் குழப்பத்துக்கு மாற்றாக 1988-ல் பன்னாட்டுத் தர நிறுவனம் 8601 என்னும் எண்ணுள்ள தரத்தை வெளியிட்டது. ஆண்டு, மாதம், நாள், மணி என்று பெரியதிலிருந்து சிறியதற்கு எழுதி, இறுதியில் 'இசட்' என்னும் எழுத்தையோ, +05:30 போன்ற குறிப்பையோ சேர்க்கலாம். 'இசட்' என்றால் பொது நேரம். அந்த ஓர் எழுத்து திரையில் இருந்திருந்தால் மஸ்கட்டில் ஒருவர் அவ்வளவு துடித்திருக்கமாட்டார்.

பழைய யூனிக்ஸ் கணக்கிற்கும் ஓர் எல்லை உண்டு. 32 இலக்க எண்ணில் ஒன்று கூட்டல், கழித்தல் குறிக்குப் போய்விடுவதால், 214,74,83,647 நொடிகளோடு அது நிரம்பும். அந்த நேரம் 2038 சனவரி 19, நம் நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 நொடி. புதிய கணினிகள் பெரும்பாலும் 64 இலக்கத்திற்கு மாறிவிட்டன. சுவரில் ஒட்டிவிட்டு மறந்துபோகும் சிறு கருவிகளைப் பற்றித்தான் கவலை.

மகன் விடுமுறையில் வந்தபோது திரையைத் திருத்தினார். இப்பொழுது ஒவ்வொரு மணிக்கும் பக்கத்தில் 'இந்திய நேரம்' என்று எழுதியிருக்கிறது. அதை அவர் தாயாரிடம் பெருமையோடு காட்டியபோது நானும் உடனிருந்தேன். அந்த அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சற்று நேரம் பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பி, "நான் முதல் மணி அடிச்சதும்தான் கெளம்புவேன்னு இவன்கிட்ட சொல்லுங்க சாமி" என்றார்.