ரீடபிள்ஸ்ட்ரீம் கண்ட்ரோலர்

பிரவுசரில் சிறுகச் சிறுக வந்து சேரும் ஸ்ட்ரீம் என்னும் தரவுப் பிரவாகத்தை, அதைத் தோற்றுவிக்கும் நிரல் கிரமமாக நடத்துவதற்கென ஜாவாஸ்கிரிப்டில் அமைந்துள்ள சாதனம்.

இதன் பூர்வ சரித்திரம் பெல் ஆய்வுக்கூடத்தில் தொடங்குகிறது. நிரல்களை ஒன்றோடொன்று பொருத்தும் வழி வேண்டும் என்று 1964-இல் டக்ளஸ் மெக்கில்ராய் குறிப்பு எழுத, 1973-இல் கென் தாம்ஸன் யூனிக்ஸில் அதைப் பைப் என்னும் உருவில் நிறைவேற்றினார். பைப் நிரம்பினால் எழுதும் நிரலை இயங்குதளமே நிறுத்திவைத்து, படிக்கும் நிரல் இடம் ஒழித்த பிறகே மேலே செல்லவிடும். ஒரே இழையில் ஓடும் ஜாவாஸ்கிரிப்டை அவ்வாறு நிறுத்தினால் பக்கமே அசைவற்றுப் போகுமாதலால், பிரவுசர்களுக்கு இந்தச் சௌகரியம் நெடுங்காலம் வாய்க்கவில்லை. பிரவுசருக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்டை ஓட்ட 2009-இல் பிறந்த நோட்.ஜேஎஸ்-இன் ஆரம்ப ஸ்ட்ரீம்களிலோ, நிறுத்து என்று சொன்ன பின்னும் தரவு வரக்கூடும்; 2013-இல் வெளியான 0.10 பதிப்பு அக்குறையைக் களைந்தது. இந்த அனுபவங்களை உள்வாங்கி, டொமெனிக் டெனிகோலா முதலியோர் வாட்விஜி அமைப்பில் ஸ்ட்ரீம்ஸ் நியமத்தை வகுத்தனர்.

அந்நியமத்தின் சிறப்பு அதிகாரப் பங்கீட்டில் இருக்கிறது. கண்ட்ரோலர், ஸ்ட்ரீமை ஆக்குபவனுடைய ஸ்டார்ட், புல் என்னும் செயற்கூறுகளுக்கு மட்டுமே கொடுக்கப்படுகிறது. வாசிப்பவன் கைக்கு அது இயல்பாக எட்டுவதில்லை. கண்ட்ரோலரின் செயல்களுள் என்கியூ தரவுத் துண்டுகளை வரிசையில் சேர்க்கும். குளோஸ் என்றால், வரிசையில் நிற்பவை வாசிக்கப்பட்ட பிறகே ஸ்ட்ரீம் முடியும்; எரர் என்றாலோ அவை அந்தக் கணமே கைவிடப்படும். இந்த பேதத்தை அறியாதவர்கள் கடைசித் துண்டுகளை இழந்துவிட்டுக் காரணம் தேடி அலைவதுண்டு.

வேகத்தை ஆளுவது டிசயர்ட்சைஸ் என்னும் எண். ஹைவாட்டர்மார்க் என்ற வரம்பிலிருந்து வரிசையின் அளவைக் கழித்தால் இது கிடைக்கும்: வரம்பு 3, காத்திருப்பவை 2 என்றால் விடை 1, இன்னும் இரண்டைச் சேர்த்தால் விடை -1. எண் சுழிக்குக் கீழே போனாலும் என்கியூ மறுப்பதில்லை. இது ஆலோசனையே அன்றிக் கட்டாயமன்று. வெப்சாக்கெட்டைப் போலத் தடுத்து நிறுத்த இயலாத ஊற்றுகளும் உண்டாகையால், நியமகர்த்தாக்கள் இந்தத் தாராளத்தைக் காட்டியது நியாயமே. நிறுத்தக்கூடிய ஊற்றுகளுக்குப் புல் போதும்: வரிசையில் இடமிருக்கும்போது ஸ்ட்ரீம் அதை அழைக்கும், அது திருப்பித் தந்த பிராமிஸ் நிறைவேறும் வரை மறுபடி அழைக்காது.

ஃபெட்ச் என்னும் வலைக் கோரிக்கையின் விடையை ஸ்ட்ரீமாக வாசிக்கும் வசதி குரோமில் 2015-இல் வந்தது. ஃபயர்ஃபாக்ஸ் 2019-இல் வெளியான 65-ஆம் பதிப்பில் ஏற்றது. பைட்டுகளுக்கென்றே உள்ள தனிக் கண்ட்ரோலர், வாசிப்பவன் தந்த நினைவகப் பரப்பிலேயே தரவை நிரப்பி, நகலெடுக்கும் சிரமத்தைத் தவிர்க்கிறது. ஆனால் டீ என்னும் செயல் ஒரு ஸ்ட்ரீமை இரண்டாகப் பிரிக்கும்போது, வேகமாக வாசிக்கும் கிளையின் போக்கிலேயே ஊற்று இறைக்கப்படுவதால், மந்தமான கிளையின் வரிசை எல்லையின்றி வளர்கிறது. பெரிய கோப்புகளைக் கையாளுவோர் அதை உபயோகிக்குமுன் இரு கிளைகளின் வேகத்தையும் ஆராய்ந்து கொள்வது அவசியம்.