நெல்லுப் பொட்டி அடுப்பு மேடை ஆன வரலாறு

அவலூர்பேட்டை சுற்று வட்டாரத்துல எந்த ஊருக்குப் போனாலும், மாட்டுக் கொட்டாய் மூலையிலயோ திண்ணை ஓரத்துலயோ பெரிய மரப்பெட்டி ஒண்ணு சும்மா கிடக்கும். மேல வரட்டி அடுக்கியிருப்பாங்க, இல்லன்னா கோழி அடைகாக்கும். தஞ்சாவூர் பக்கம் பத்தாயம்னு சொல்றது இதைத்தான். நாங்க நெல்லுப் பொட்டின்னு சொல்லுவோம். ஒரு காலத்துல ஒரு குடும்பத்தோட ஒரு வருஷத்துச் சோறு அதுக்குள்ளதான் இருந்தது. அது எப்படிக் காலியாச்சு, காலியானதை இன்னைக்கு என்ன பண்ணலாம்னு எழுதுறேன்.

முதல்ல செஞ்சிக் கோட்டையைப் பாருங்க. ராஜகிரி அடிவாரத்துல கல்யாண மகாலுக்குக் கிட்ட பெரிய களஞ்சியம் இருக்கு. சுற்றுலா வர்றவங்க கல்யாண மகால் முன்னாடி நின்னு போட்டோ எடுத்துட்டுக் களஞ்சியத்தைத் தாண்டிப் போயிடுவாங்க. ஆனா கோட்டையைக் காப்பாத்துனதுல பீரங்கிக்கு இருக்குற பங்கு அந்தக் களஞ்சியத்துக்கும் உண்டு. 1690-ல மொகலாயர் படை சுல்பிகார் கான் தலைமையில முற்றுகை போட்டுச்சு. உள்ள மராட்டிய ராஜாராம் இருந்தார். கோட்டை விழுந்தது 1698-ல. உள்ள தானியம் இல்லாம அத்தனை வருஷம் எந்தக் கோட்டையும் நிக்காது. 2025-ல யுனெஸ்கோ, மராட்டிய ராணுவத் தலங்கள்ங்கிற வரிசையில செஞ்சியையும் உலக பாரம்பரியச் சின்னமா சேர்த்தது. நமக்கெல்லாம் பெருமைதான்.

அரசனுக்குக் களஞ்சியம்னா குடியானவனுக்குக் குதிரும் நெல்லுப் பொட்டியும். 1876-ல தொடங்கின தாது வருஷப் பஞ்சம் சென்னை மாகாணத்தையே உலுக்குச்சு. லட்சக்கணக்குல ஜனம் செத்தது. அதுக்கப்புறம் பொறந்தவங்களுக்கும் அந்தப் பயம் ரத்தத்துல ஊறிப்போச்சு. அதனாலதான் அறுப்பு முடிஞ்சா முதல்ல பொட்டி ரொம்பும், மிச்சம்தான் சந்தைக்குப் போகும். எங்க தாத்தா காலத்து வழக்கம் அது. பொட்டிச் சாவி பாட்டி இடுப்புல இருக்கும்.

அந்தப் பொட்டி செஞ்ச விதத்தையும் சொல்லணும். நாலு மூலையிலும் கனமான கால். காலில் காடி எடுத்து, பலகையை மேலிருந்து ஒண்ணு மேல ஒண்ணா இறக்கியிருப்பாங்க. ஆணி கிடையாது. அடியில சின்னதா ஒரு திட்டி வாசல், அதைத் தூக்குனா நெல்லு சரிஞ்சு வரும். எங்க வீட்டுப் பொட்டி வேங்கை மரம்.

இது காலியானதுக்குக் காரணம் மூணு. ஒண்ணு, 1966-ல வந்த ஐ.ஆர்.8 நெல்லும் அதைத் தொடர்ந்து வந்த குட்டை ரகங்களும். உரம், பூச்சி மருந்து, டீசல், எல்லாத்துக்கும் கையில காசு வேணும். நெல்லை வீட்டுல வச்சுக்கிட்டுக் கடனுக்கு வட்டி கட்ட முடியாது. களத்துலேர்ந்து மூட்டை நேரா ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்குப் போச்சு. ரெண்டு, ரேஷன் அரிசி. 2008-ல கிலோ ஒரு ரூபா, 2011-ல இலவசம். மூணு, வீட்டுல நெல்லு அவிக்கிற வேலையே நின்னுபோச்சு. நெல்லு விளைவிக்கிறவனும் கடையில பை அரிசி வாங்க ஆரம்பிச்சான்.

அதே காலத்துல அடுப்பங்கரையும் மாறுச்சு. நம்ம பழைய சமையல் எல்லாமே உட்கார்ந்து செய்யுறது. மண் அடுப்பு தரையில, அம்மி தரையில, ஆட்டுக்கல் தரையில, அரிவாள்மனையும் தரையில. 2007-ல தமிழக அரசு இலவச எரிவாயு அடுப்பு கொடுக்கத் தொடங்குச்சு. 2011-ல மிக்சி, கிரைண்டர், மின்விசிறி. 2016-ல மத்திய அரசோட உஜ்வலா. கேஸ் அடுப்பைத் தரையில வச்சு சமைக்கக் கூடாது, மேடை வேணும். அதாவது, தலைமுறை தலைமுறையா உட்கார்ந்து சமைச்ச பொம்பளைங்க பத்துப் பதினஞ்சு வருஷத்துல நிமிர்ந்து நின்னு சமைக்க ஆரம்பிச்சாங்க. ஊர்ல இதை யாரும் பெரிய மாற்றமா பேசினதில்ல. என்னைக் கேட்டா, டிராக்டர் வந்ததைவிடப் பெரிய மாற்றம் இது.

பொருள் பெருகுச்சு, இடம் மட்டும் சுருங்குச்சு. 2011-ல வந்த பசுமை வீடு மொத்தமே 300 சதுர அடி. 2024-ல தொடங்கின கலைஞர் கனவு இல்லம் 360 சதுர அடி. குடிசையில இருந்தவங்களுக்கு அது பெரிய வரம், குறை சொல்லல. ஆனா அதுல சமையலுக்கு ஒதுங்குற இடம் எவ்வளவு இருக்கும்னு நீங்களே கணக்குப் போட்டுக்குங்க. பாகப்பிரிவினையில பழைய வீட்டை இடிச்ச எங்களைப் போன்றவங்க கதையும் அதேதான். எங்க சமையல் அறை எட்டுக்கு ஆறு, நாப்பத்தெட்டு சதுர அடி.

சின்ன சமையல் அறைங்கிறது நமக்கு மட்டும் வந்த சோதனை இல்ல. முதல் உலகப் போருக்கப்புறம் ஜெர்மனியில ஏகப்பட்ட பேருக்கு வீடு இல்ல. பிராங்பர்ட் நகரத்துல தொழிலாளர்களுக்குச் சின்னச் சின்ன வீடா கட்டுனாங்க. அதுக்கு மார்கரெட் ஷுட்டே-லிஹாட்ஸ்கிங்கிற பெண் கட்டடக் கலைஞர் 1926-ல ஒரு சமையல் அறை வடிவமைச்சாங்க. அகலம் 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர். நம்ம கணக்குல சுமார் எழுபது சதுர அடி. ரயில் சமையல் பெட்டியில எப்படி வேலை நடக்குதுன்னு பார்த்து, எது எங்க இருந்தா நடை குறையும்னு யோசிச்சு செஞ்சது. மாவு, அரிசி, பருப்பு போட இழுக்குற அலுமினியப் பெட்டி வரிசையா வச்சாங்க. நம்ம அஞ்சறைப்பெட்டியோட பெரிய அக்கான்னு வச்சுக்கலாம். உலகத்துல இன்னைக்கு இருக்குற மாடுலர் கிச்சன் எல்லாத்துக்கும் அதுதான் ஆரம்பம்னு சொல்றாங்க.

பழைய மரத்தையும் கல்லையும் வேற இடத்துல வேற வேலைக்கு வைக்கிறதும் நமக்குப் புதுசில்ல. பாண்டிச்சேரி கடற்கரையில காந்தி சிலையைச் சுத்தி நிக்கிற எட்டுக் கல்தூணும் செஞ்சியிலேர்ந்து போனதுதான். 1750-லேர்ந்து 1761 வரைக்கும் கோட்டை பிரெஞ்சுக்காரங்க கையில இருந்தது. வெங்கட்ரமணர் கோயில்ல தூண் இல்லாம இருக்குற இடத்தைப் பார்த்தா மனசு கனக்கும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போனா, இடிச்ச செட்டிநாட்டு வீடுகளோட பர்மா தேக்குத் தூணு, கதவு, பீரோ எல்லாம் கடை கடையா இருக்கும். கதவு மேசையாகி ஏதோ ஒரு ஓட்டலுக்குப் போகும். போற இடத்துல அழகா இருக்கும். ஆனா அது யார் வீட்டுக் கதவுன்னு அங்க யாருக்கும் தெரியாது.

நம்ம ஊருக்கும் அப்படி வண்டி போட்டுக்கிட்டு வர்றாங்க. எங்க பொட்டியை ஒருத்தர் விறகு விலைக்குக் கேட்டார். கொடுத்துட்டு பிளைவுட் அலமாரி வாங்கலாம்னு வீட்டுல பேச்சு. சமையல் அறையில தண்ணி பட்டா பிளைவுட் எத்தனை வருஷம் தாங்கும்? ஆசாரியைக் கூப்பிட்டோம். தட்டிப் பார்த்துட்டு, "அண்ணே, இது பலகை இல்ல, கல்லு. என் ரம்பம்தான் தேயும்"னார்.

பொட்டி நீளம் நாலடி, அகலம் ரெண்டடி, உயரம் மூணரை அடி. மேல் வரிசைப் பலகையை உருவிட்டு, காலை ஒரு அடி அறுத்தோம். மிச்சம் ரெண்டரை அடி உயரம். மேல கடப்பாக்கல் போட்டு கேஸ் அடுப்பு வச்சாச்சு. மரத்து மேல நேரா அடுப்பு வைக்கக் கூடாது, நடுவுல கல் கட்டாயம் வேணும். முன்பக்கப் பலகையைக் கதவாக்கி உள்ள ரெண்டு தட்டு. சிலிண்டரை மட்டும் பொட்டிக்குள்ள வைக்காம வெளியில காத்தாட நிமிர்த்தி வச்சோம். கேஸ் காத்தை விட கனம், கசிஞ்சா கீழ தேங்கும். உருவின பலகை செவுத்துல டப்பா அடுக்குற தட்டாச்சு. பழைய நுகத்தடியில கொக்கி அடிச்சுக் கரண்டி மாட்டினோம்.

செய்ய நினைக்கிறவங்களுக்கு ரெண்டு வார்த்தை. பழைய பெயிண்ட்ல ஈயம் இருக்கலாம். பெயிண்ட் அடிச்ச பழைய கதவையெல்லாம் சமையல் அறைக்குள்ள வச்சுத் தேய்க்காதீங்க, பிள்ளைங்களைக் கிட்ட விடாதீங்க. கரையானுக்கு முந்திரிக்கொட்டை எண்ணெய் நல்லது, ஆனா தோலில் பட்டா புண்ணாக்கும். வெளிப்பக்கம், கால் அடியில மட்டும் பூசுங்க. சாப்பாட்டுப் பொருள் படுற உள்பக்கத்தை வெயில்ல காய வச்சு வெறும் மரமாவே விட்டுடுங்க.

எங்க வீட்டம்மாவுக்கு முழங்கால் வலி, நின்னு சமைக்கிறதுதான் வசதி. எங்க அம்மாவுக்கு நின்னா கிறுகிறுக்கும், அரிவாள்மனையை விட மாட்டாங்க. அதனால பொட்டியோட பழைய மூடியை அறுத்து ஒரு மணை செஞ்சோம். ஒருத்தர் நின்னும் ஒருத்தர் உட்கார்ந்தும் அதே நாப்பத்தெட்டு சதுர அடியில வேலை நடக்குது.

ஒண்ணே ஒண்ணுக்கு மட்டும் அம்மா ஒத்துக்கல. அடியில இருக்குற அந்தத் திட்டி வாசலை அடைக்கக் கூடாதுன்னுட்டாங்க. கீழ் அறையில ஒரு பங்கைத் தடுத்து, அறுப்புக்கு அறுப்பு ரெண்டு மரக்கா நெல்லு கொட்டி வைக்கிறோம். அது எத்தனை நாளுக்கு வரும்னு கேட்டுப் பசங்க சிரிக்கிறாங்க. கொரோனா ஊரடங்குல கடை மூடிக் கிடந்ததைப் பார்த்தவங்க நாம. நெல்லு விளையுற வீட்டுல நெல்லு இருக்கணும்னு அம்மா சொல்றதை மறுத்துப் பேச எனக்குத் தோணல. உங்க வீட்டுக் கொட்டாயிலயும் பொட்டி கிடந்தா, விறகு விலைக்குக் கொடுக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை தட்டிப் பாருங்க.