ஜே. சி. டேனியலும் திருவனந்தபுரத்தின் முதல் படமும்

மலையாளத் திரைப்படத்தின் தந்தை எனக் கேரளம் போற்றும் ஜே. சி. டேனியல் கன்னியாகுமரிக்கு அருகிலுள்ள அகஸ்தீஸ்வரத்தைச் சேர்ந்த தமிழர். பல் மருத்துவத்தைத் தொழிலாகக் கொண்ட அவர், களரிப்பயிற்றில் பெரும் ஈடுபாடு உடையவர். வாள் வீச்சுக் கலையைப் பற்றி ஆங்கிலத்தில் நூல் ஒன்றும் எழுதியிருக்கிறார். களரியை ஊரறியச் செய்யும் வழியைத் தேடும்போதுதான் திரைப்படம் அவர் மனத்தில் இடம்பிடித்தது.

தொழில் கற்க முதலில் சென்னைக்கும் பின்னர் பம்பாய்க்கும் சென்றார். படப்பிடிப்பு நடக்கும் இடங்களைச் சுற்றிப் பார்த்துத் தேவையான கருவிகளை வாங்கிக்கொண்டு திரும்பினார். அதற்கான முதலைத் தம் நிலங்களை விற்றே திரட்டினார். திருவனந்தபுரம் பட்டம் பகுதியில் ‘திருவிதாங்கூர் நேஷனல் பிக்சர்ஸ்’ என்ற படநிலையம் எழுந்தது. இன்றைய கேரளத்தில் அமைந்த முதல் படநிலையம் அதுவே.

அங்கு உருவான ஊமைப்படம் ‘விகதகுமாரன்’. ‘காணாமற்போன பிள்ளை’ என்பது இதன் பொருள். திருவிதாங்கூரிலிருந்து இலங்கைக்குக் கடத்தப்படும் செல்வர் வீட்டுச் சிறுவனைப் பற்றிய கதை இது. சென்னையில் நடராஜ முதலியார் தொடங்கி வைத்த வழியில் தென்னிந்தியப் படங்கள் பெரும்பாலும் புராணங்களையே நாடிய காலத்தில், டேனியல் சமூகக் கதையைத் துணிந்து எடுத்தார். கதை, இயக்கம், ஒளிப்பதிவு, தயாரிப்பு எல்லாம் அவருடையவை, நாயகனும் அவரே. வில்லனாக நடித்த ஜான்சன், பின்னாளில் தமிழ்த் திரையில் பெயர் பெற்ற பி. எஸ். சரோஜாவின் தந்தை.

நாயகியாக நடித்தவர் பி. கே. ரோசி. தமிழும் மலையாளமும் கலந்து ஆடப்படும் காக்காரிசி நாடகத்தில் தேர்ந்த இவர், ஒடுக்கப்பட்ட சமூகத்துப் பெண். திரையில் அவர் ஏற்றதோ நாயர் குலப் பெண்ணின் வேடம். திருவனந்தபுரம் கேபிடல் அரங்கில் படம் திரையிடப்பட்டபோது, ஆதிக்க சாதியினர் கூச்சலிட்டுத் திரையின் மீது கல்லெறிந்தனர். ரோசியின் குடிசைக்குத் தீ வைக்கப்பட்டது. ஊரைவிட்டுத் தப்பிய அவர் தமிழ்ப் பகுதியில் ராஜம்மாள் என்ற பெயரில் மறைந்து வாழ்ந்தார். முதல் காட்சி 1928 நவம்பர் 7 அன்று நடந்ததாக நெடுங்காலம் குறிப்பிடப்பட்டது. பிற்கால ஆய்வாளர்கள் 1930 அக்டோபர் 23 என்கிறார்கள்.

போட்ட பணம் திரும்பவில்லை. படநிலையமும் கருவிகளும் கைவிட்டுப் போயின. 1931இல் பேசும்படம் வந்ததும் ஊமைப்படத்துக்கு இருந்த வரவேற்பும் குறைந்தது. டேனியல் தமிழ்நாட்டில் மீண்டும் பல் மருத்துவம் பார்த்தார். நடிகர் பி. யூ. சின்னப்பாவின் நட்பால் சென்னைக்குப் போய் மறுபடியும் படத்தொழிலில் இறங்கி, இருந்ததையும் இழந்தார். இரண்டாவது கதைப்படம் எடுக்கும் வாய்ப்பு அவருக்கு வாய்க்கவே இல்லை.

இதற்கிடையே நாட்டின் வரைபடம் மாறியது. 1956 நவம்பர் 1 அன்று அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. திருவிதாங்கூர்க் குடிமகனாகப் படமெடுத்த டேனியல், அதன்பின் கேரளத்தின் கண்ணுக்கு வெளியூர்க்காரர் ஆனார். இதழாளர் சேலங்காட்டு கோபாலகிருஷ்ணன் அவரைத் தேடிக் கண்டுபிடித்து எழுதினார். நலிந்த கலைஞர்களுக்கான அரசு உதவி கிடைக்கவும் பாடுபட்டார். டேனியல் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர் என்று கூறி அந்த உதவி மறுக்கப்பட்டது. 1975 ஏப்ரல் 27 அன்று அகஸ்தீஸ்வரத்தில் அவர் காலமானார்.

மதிப்பு அதன் பிறகே வந்தது. மலையாளத் திரைத்துறையில் வாழ்நாள் பணிக்கான உயரிய விருதைக் கேரள அரசு 1992 முதல் அவர் பெயரில் வழங்குகிறது. மலையாள இயக்குநர் கமலின் ‘செல்லுலாய்ட்’ 2013இல் அவர் வாழ்க்கையைத் திரையில் காட்டியது. ரோசியின் பெயரில் 2019இல் திரைப்படச் சங்கம் ஒன்று உருவானது. ‘விகதகுமார’னின் பிரதி எதுவும் இன்று இல்லை, சில நிழற்படங்களே எஞ்சியுள்ளன. டேனியல் படமெடுத்தபோது அகஸ்தீஸ்வரத்துக்கும் திருவனந்தபுரத்துக்கும் இடையே எந்த எல்லையும் இருக்கவில்லை. பின்னால் வரைந்த கோட்டைக் காட்டி முன்னோடி ஒருவரை அந்நியராக்கியது நீதியன்று. தமிழரும் மலையாளிகளும் சேர்ந்து உரிமை கொண்டாட வேண்டிய கலைஞர் அவர்.