கொம்பன் (அண்ணன்மார் கதை)

கொம்பன் என்பது கொங்கு நாட்டு அண்ணன்மார் கதையில் பொன்னர், சங்கர் என்னும் அண்ணன்மாரை எதிர்த்து நிற்கும் காட்டுப்பன்றி. கனடாவில் தயாரான ‘தி லெஜண்ட் ஆஃப் பொன்னிவளா’ என்ற 26 பகுதி அனிமேஷன் தொலைக்காட்சித் தொடரிலும் இது வருகிறது. அண்ணன்மாரின் வில்லன் யார் என்று கேட்டால் வேட்டுவர் தலைவன் தலையூர்க் காளி என்பவர்களே மிகுதி. ஆனால் அண்ணன்மார் பிறக்கும் முன்பே தொடங்கிவிடும் பகை பன்றியினுடையது. அதனால் முதல் வில்லன் கொம்பனே.

பதிவான வரலாறு

தொடருக்கான கதை காங்கேயத்தை அடுத்த ஓலப்பாளையத்தில் கிடைத்தது. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக முனைவர் பட்டத்துக்காக வந்த மானிடவியலாளர் பிரெண்டா பெக், 1960களின் நடுவில் கண்ணபுரம் கிராமத்தைச் சேர்ந்த இவ்வூரில் தங்கியிருந்தார். 1965இல் இ. சி. ராமசாமி என்ற பாடகர் இரவு இரவாக உடுக்கடித்துப் பாடிய கதையை ஒலிநாடாவில் பதிந்துகொண்டார். பின்னர் அதே பாடகர், எழுதிக்கொள்வதற்காக அக்கதையை இன்னொரு முறை சொன்னார். ஊர் கூடியிருக்கப் பாடுவதும், எழுதுகிறவருக்கு நிறுத்தி நிறுத்திச் சொல்வதும் ஒன்றாக அமைவதில்லை. இந்த வேறுபாட்டை பெக் ‘தி த்ரீ ட்வின்ஸ்’ (1982) நூலில் விரிவாக ஆராய்ந்தார். பாடலின் தமிழ் வடிவமும் ஆங்கில மொழிபெயர்ப்பும் 1992இல் சென்னை ஆசியவியல் நிறுவன வெளியீடாக வந்தன. கொங்குச் சமூகத்தைப் பற்றிய அவருடைய முதல் நூல் 1972இல் வெளியானது.

பெக்கின் நூல்கள் வருமுன்பே சக்திக்கனல் 1971இல் ‘அண்ணன்மார் சுவாமி கதை’யை அச்சில் பதிப்பித்திருந்தார். கொங்கு வாசகர் பலருக்குக் கதை அறிமுகமானது அதன் வழியாகத்தான். மு. கருணாநிதியின் ‘பொன்னர் சங்கர்’ நாவலும், அதைத் தழுவி 2011இல் வந்த திரைப்படமும் கதையைக் கொங்குக்கு வெளியே கொண்டுசென்றன. அவை அரசியல் பகைக்குக் கொடுத்த இடத்தைப் பன்றிக்குக் கொடுக்கவில்லை. இது ஓர் இழப்பே.

பிறப்பு

அண்ணன்மாரின் தந்தை குன்னுடையாக் கவுண்டர். அவருடைய மனைவி தாமரைக்கு முதலில் பிள்ளை இல்லை. நெடுங்காலம் தவம் கிடந்து சிவனிடம் வரம் வாங்குகிறாள். ஓலப்பாளையப் பாடல் மரபில், வரத்தோடு திரும்பும் வழியில் குட்டியில்லாத பெண்பன்றி ஒன்று அவளை மறித்து, தனக்கும் ஒரு பங்கு கேட்கிறது. தாமரை மறுக்கிறாள். உன் பிள்ளைகளை அழிக்க நானும் ஒருவனைப் பெறுவேன் என்று பன்றி சூளுரைக்கிறது. அப்படிப் பிறந்தவன் கொம்பன்.

கிரேக்கக் கதையிலும் இதையொத்த பன்றி ஒன்று உண்டு. கலிடோன் அரசன் ஓய்னியூஸ் அறுவடைப் படையலில் ஆர்ட்டெமிஸ் தெய்வத்தை விட்டுவிட, அவள் ஏவிய காட்டுப்பன்றி வயல்களை நாசமாக்கியது. அங்கே நடந்தது தெய்வத்துக்கு நேர்ந்த அவமதிப்பு. இங்கே, பிள்ளையில்லாத் துயரம் அறிந்த ஒருத்தி அதே துயரத்தோடு நின்ற இன்னொருத்தியைத் தள்ளிவிடுகிறாள். கொங்குக் கதை கடுமையானது. நாயகர்களின் தாய் மேலேயே முதல் குற்றத்தை ஏற்றிவைக்கிறது.

கொம்பன் வளர்வது காட்டில், வேட்டுவர் குலத்து வீரத்தங்காளின் செல்லப் பிராணியாக. அண்ணன்மாரின் தங்கை அருக்காணித் தங்காள் கிளி வேண்டும் என்று ஆசைப்பட, அண்ணன்கள் வீரத்தங்காளின் காட்டுக்குப் போய்ச் சோடிக் கிளிகளில் ஒன்றைக் கொண்டுவருகிறார்கள். சோடி இழந்த கிளி முறையிடுகிறது. வீரத்தங்காள் கொம்பனை ஏவுகிறாள். தாய்ப்பன்றியின் சூளும் கிளிக்கான வஞ்சமும் இந்த இடத்தில் ஒன்றாகின்றன. கொம்பன், அண்ணன்மாரின் விளைந்த வயலை உழுது தள்ளி, ஏரிக்கரையையும் உடைக்கிறது. காவிரிப் பாசன வயலுக்கு நேர்ந்த இந்தக் கேட்டை, மேய்ச்சல் நிலமான கொறங்காட்டில் மாடு மேய்த்து மழை பார்த்துக் கிடந்த காங்கேயத்தார் இரவெல்லாம் விழித்துக் கேட்டிருக்கிறார்கள்.

வேட்டையில் பெரிய நாய்களெல்லாம் தோற்றபின் பொன்னாச்சி என்னும் சின்னப் பெண்நாய் பன்றியை விதையில் கடித்துத் தளரவைக்கிறது. அதன் பிறகே சங்கரின் ஈட்டிக்கு வேலை. பன்றி செத்தும் பகை ஓயவில்லை. வேட்டுவரோடு மூண்ட சண்டையின் முடிவில் அண்ணன்மார் மாள்கிறார்கள்.

இக்கதையை, அண்ணன்மாரின் குலமான வெள்ளாளருக்கும் வேட்டுவருக்கும் நடந்த சாதிச் சண்டையாகப் படிப்போர் உண்டு. வேட்டுவர் தரப்பில் தலையூர்க் காளி வீரன்தான். எனினும் காட்டை அழித்துப் பரவிய உழவுக்கும் காட்டுக்கும் நடந்த போராகக் கொள்வதே கதைக்குப் பொருந்தும். பிறவியிலேயே தீயவனாக இல்லாமல், மறுக்கப்பட்ட ஒரு பங்கின் விளைவாகக் கொம்பன் வருவது இதற்குச் சான்று.

தொடர்

படங்களை வரைந்தவர் தமிழ்நாட்டு ஓவியர் ரவிச்சந்திரன் ஆறுமுகம். ஆங்கிலம், தமிழ் இரண்டிலும் தொடர் உண்டு. படக்கதைப் புத்தகங்களாகவும் வந்துள்ளது. திரைக்கு வெளியேயும் கதை வாழ்கிறது: அண்ணன்மாருக்காக மணப்பாறை பக்கம் வீரப்பூரில் மாசித் திருவிழா நடந்துவருகிறது.