மடைப்பள்ளியில் ஓர் ஆசான்

கி.பி. 1223ஆம் ஆண்டில் யப்பானியத் துறவியான தோகென், தம் ஆசான் மியோசெனுடன் சீனம் சென்றார். மடாலயமொன்றின் மடைப்பள்ளிப் பொறுப்பாளரான 61 வயதுத் துறவியொருவர், காளான் வாங்கும்பொருட்டு அவர்தம் கப்பலுக்கு வந்தார். முதுமையிலும் தியானத்தையும் நூலாராய்ச்சியையும் விடுத்து அடுக்களையில் உழல்வது ஏன் என வினவினார் தோகென். எழுத்தும் பயிற்சியும் யாவை என்பதை இளைஞர் இன்னும் அறிந்திலர் என்று முதியவர் நகைத்தார்.

தோகென் சினந்தாரல்லர், பின்னர் அம்முதியவரிடமே விளக்கம் கேட்டறிந்தார். அதனை அவர் கூறக்கேட்ட மியோசெனும் பெரிதும் மகிழ்ந்தார்.

யப்பானில் மடத்தலைவராகிய தோகென், 1237இல் மடைப்பள்ளிப் பொறுப்பாளர்க்கு அறிவுரையாகத் 'தென்சோ கியோகுன்' என்னும் நூலை இயற்றினார். தம் அறியாமை வெளிப்பட்ட அவ்வினாவை அதில் மறைத்தாரல்லர். தாம் சிறிதேனும் உணர்ந்தது அம்முதியவராலேயே என்றும் எழுதினார். பிறர்க்கு அறிவுரை கூறும் உரிமை, தாம் பெற்ற அறிவுரையை மறவாதார்க்கே உரியதாகும்.