விரிதாள் மேக்ரோக்களின் வரலாறு

விரிதாள் மேக்ரோ என்பது, கணினி விரிதாளில் நாம் திரும்பத் திரும்பச் செய்யும் செயல்களைச் சேமித்துவைத்து, ஒரே கட்டளையில் மறுபடி நிகழ்த்தும் வசதியாகும். நிரலாக்கம் படிக்காத எழுத்தர்களும் கணக்கர்களும் ஆசிரியர்களும் தங்கள் வேலைக்கான நிரலைத் தாங்களே உருவாக்கிக்கொள்ள இது வழிசெய்தது. மேக்ரோவின் பெருமை அதுவே. அதன் வரலாற்றில் எழுந்த பெரிய சிக்கல்களும் அதிலிருந்தே பிறந்தன.

தேவை

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். 500 பேரின் முகவரிகள் ஒரே நெடுவரிசையில் ஒன்றன்கீழ் ஒன்றாக உள்ளன. ஒவ்வொருவருக்கும் பெயர், தெரு, ஊர் என மூன்று வரிகள். இவற்றை ஊர்வாரியாக அடுக்க வேண்டுமானால், முதலில் ஒருவருக்கு ஒரு வரிசை என மாற்றியாக வேண்டும். கையால் செய்பவர் தெருவை வெட்டிப் பெயருக்கு அருகில் ஒட்டுவார். ஊரை வெட்டித் தெருவுக்கு அடுத்து ஒட்டுவார். பிறகு வெறுமையான இரண்டு வரிசைகளை நீக்குவார். இதையே 500 முறை செய்ய வேண்டும். சிந்தனைக்கு வேலையில்லை; ஆனால் கவனம் ஒருமுறை சிதறினாலும் பிழை வரும்.

தொடக்கம்

தனிக்கணினிகளுக்கான முதல் விரிதாள் மென்பொருளான விசிகால்க் 1979-இல் ஆப்பிள் 2 கணினிக்காக வெளிவந்தது. அதை உருவாக்கியவர்கள் அமெரிக்கர்களான டான் பிரிக்லினும் பாப் பிராங்க்ஸ்டனும். ஹார்வர்டு வணிகவியல் பள்ளியில் மாணவராக இருந்தபோது, கரும்பலகைக் கணக்கில் ஓர் எண் மாறினால் அதைத் தொடர்ந்த எண்களையெல்லாம் அழித்து எழுத வேண்டியிருப்பதைப் பிரிக்லின் கண்டார். அதற்கான தீர்வே விசிகால்க். ஓர் எண்ணை மாற்றினால், அதைச் சார்ந்த எண்கள் தாமே மாறின.

ஆனால் வாய்பாடு ஒரு நுண்ணறையின் மதிப்பைக் கணக்கிடுமே தவிர, ஒரு தரவை எடுத்து வேறிடத்தில் வைக்காது. முதலில் வந்த விசிகால்க்கில் மேக்ரோ வசதியும் இல்லை. எனவே, கணக்கு தானியங்கியானபோதும் இடமாற்றும் வேலை மனிதர் கையிலேயே இருந்தது.

லோட்டஸ் காட்டிய வழி

மிட்ச் கபோர், ஜோனதன் சாக்ஸ் ஆகியோர் உருவாக்கிய லோட்டஸ் 1-2-3 ஐபிஎம் தனிக்கணினிக்காக 1983-இல் வெளிவந்தது. அதில் சாய்கோட்டு விசையை அழுத்தினால் பட்டி தோன்றும். அடுத்து ஓர் எழுத்தை அழுத்தினால் கட்டளை தேர்வாகும். நகர்த்துவதற்கு 'எம்'. இந்த விசை அழுத்தங்களை அப்படியே ஒரு நுண்ணறையில் எழுதி வைத்தால் அதுவே மேக்ரோ. உள்ளிடு விசைக்கு அலைக்குறி. அம்புக்குறி விசைகளுக்கு அடைப்புக்குறிக்குள் அவற்றின் ஆங்கிலப் பெயர்கள். அந்த நுண்ணறைக்கு ஓர் எழுத்தைப் பெயராகச் சூட்டிவிட்டு, ஆல்ட் விசையுடன் அந்த எழுத்தை அழுத்தினால் எல்லாச் செயல்களும் வரிசையாக நடந்தேறும்.

'மேக்ரோ' என்ற சொல் புதிதன்று. பல சிறு கட்டளைகளாக விரியும் ஒரு பெருங்கட்டளை என்ற பொருளில் நிரலாளர்கள் 1950-களிலேயே அதைப் பயன்படுத்தினர். லோட்டஸ் செய்த புதுமை, அதை அலுவலக மேசைக்குக் கொண்டுவந்ததாகும்.

பதிவு செய்தலும் நிரலும்

மைக்ரோசாப்ட் எக்செல் 1985-இல் மெக்கின்டாஷ் கணினிக்கும், 1987-இல் விண்டோசுக்கும் வந்தது. மேக்ரோவைப் பதிவு செய்யும் வசதி அதன் சிறப்புகளுள் ஒன்று. பயனர் வேலையை ஒருமுறை செய்து காட்டினால் போதும். மென்பொருள் அதைக் கட்டளைகளாக எழுதிக்கொள்ளும்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. 'இரண்டாம் வரிசையில் உள்ளதை எடு' என்று பதிவானால், மேக்ரோ எத்தனை முறை ஓடினாலும் அதே வரிசைக்கே செல்லும். 'இப்போது நிற்கும் இடத்திற்கு ஒரு வரிசை கீழே உள்ளதை எடு' என்று பதிவானால் மட்டுமே அடுத்தடுத்த முகவரிகளுக்கும் அது பயன்படும். முதல்முறை மேக்ரோ பதிவு செய்யும் மாணவர் பலர் தடுமாறுவது இந்த வேறுபாட்டில்தான்.

1993-இல் வந்த எக்செல் 5, விஷுவல் பேசிக் பார் அப்ளிகேஷன்ஸ் (விபிஏ) என்ற முழுமையான நிரல்மொழியைச் சேர்த்தது. 'வெற்று நுண்ணறை வரும்வரை இதைச் செய்' என்று மடக்கு எழுதினால், 500 முகவரிகளும் ஒரே ஓட்டத்தில் சீராகிவிடும்.

நச்சுநிரல்கள்

மேக்ரோ ஆவணத்திற்குள்ளேயே தங்குவதால், ஆவணத்தைப் பெறுபவர் நிரலையும் சேர்த்தே பெறுகிறார். 1995-இல் 'கான்செப்ட்' என்னும் மேக்ரோ நச்சுநிரல் வேர்டு ஆவணங்கள் வழியே பரவியது. 1996-இல் 'லாரூ' எக்செல் கோப்புகளைத் தாக்கியது. 1999 மார்ச்சில் வந்த 'மெலிசா', பயனரின் முகவரிப் புத்தகத்திலிருந்து 50 பேருக்குத் தன்னைத்தானே மின்னஞ்சலில் அனுப்பிக்கொண்டது.

எக்செல் 2007-இல் மேக்ரோ உள்ள கோப்புகளுக்கும் இல்லாத கோப்புகளுக்கும் தனித்தனிப் பெயர் நீட்சிகள் வந்தன. இணையத்திலிருந்து வரும் கோப்புகளின் மேக்ரோக்களை இயல்பாகவே தடுக்கும் முறையை மைக்ரோசாப்ட் 2022-இல் கொண்டுவந்தது.

ஓசையில்லாப் பிழைகள்

நச்சுநிரல் வெளியிலிருந்து வரும் ஆபத்து. உள்ளிருந்தே வரும் ஆபத்தும் உண்டு. நம் பட்டியலில் ஒருவருக்கு மட்டும் மூன்றுக்குப் பதில் நான்கு வரிகள் இருப்பதாகக் கொள்வோம். அந்த இடத்திலிருந்து ஊர்ப்பெயர் ஆள்பெயராகிவிடும். மேக்ரோ நிற்காது, எச்சரிக்காது, கடைசிவரை தவறாகவே அடுக்கி முடித்துவிடும். கையால் செய்பவர் கண்ணில் அது பட்டிருக்கும்.

அதற்காகக் கையால் செய்வதே பாதுகாப்பு என்று கொள்ளவும் முடியாது. 2012-இல் ஜேபி மார்கன் வங்கி ஒரு வணிகத்தில் 600 கோடி டாலருக்கும் மேல் இழந்தது. அந்த வணிகத்தின் இடரை அளந்த முறை, தரவைக் கையால் நகலெடுத்து ஒட்டவேண்டிய விரிதாள்களில் இயங்கியது என்பதும், அதில் பிழைகள் இருந்தன என்பதும் வங்கி 2013-இல் வெளியிட்ட அறிக்கையில் தெரியவந்தன. இழப்புக்கு வேறு காரணங்களும் இருந்தன.

தானியங்கி முறையும் தவறியதற்குச் சான்று 2020-இல் கிடைத்தது. இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறை, ஆய்வகங்கள் அனுப்பிய கொரோனா முடிவுகளைப் பழைய எக்செல் வடிவக் கோப்புகளில் தானாகச் சேர்த்துவந்தது. அவ்வடிவம் 65,536 வரிசைகளையே ஏற்கும். அதற்கு மேல் வந்தவை விடுபட்டன. 15,841 தொற்றாளர்களின் விவரம் உரிய நாளில் கணக்கில் ஏறவில்லை. அவர்களுடன் பழகியவர்களைக் கண்டறியும் பணி தாமதமானது.

இன்று

லிப்ரே ஆபிஸ் கட்டற்ற மென்பொருளிலும் மேக்ரோ வசதி உண்டு. கூகுள் விரிதாள்களில் ஆப்ஸ் ஸ்கிரிப்ட் அந்த வேலையைச் செய்கிறது. எக்செல் 2016 முதல் உள்ளிணைந்து வரும் பவர் குவெரி, தரவை மறுசீரமைக்கும் படிகளை மேக்ரோ இல்லாமலே சேமித்துவைக்கிறது.

கருவி எதுவானாலும், மாணவர்கள் மூன்று பழக்கங்களைக் கைக்கொள்ள வேண்டும். முதலில், கோப்பின் நகலில் மட்டுமே மேக்ரோவை ஓட்டுக. எக்செல்லில் விபிஏ மேக்ரோ செய்த மாற்றத்தைப் பொதுவாக 'செயல்நீக்கு' கட்டளையால் திரும்பப் பெற முடியாது. இரண்டாவது, ஐந்தாறு பதிவுகளில் சோதித்துப் பார்க்க. மூன்றாவது, எண்ணிப் பார்க்க. 1,500 வரிகள் உள்ளே சென்றால் 500 முகவரிகள் வெளியே வர வேண்டும். 501 வந்தால் எங்கோ ஒரு வரி கூடியிருக்கிறது என்று பொருள். தேடிக் கண்டுபிடித்த பிறகே அடுத்த வேலைக்குச் செல்லலாம்.